வளையல் சத்தம்

சங்கரன்கோவிலில் புளியங்குடி பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளின் கையில், மஸ்கட்டில் இருக்கும் கணவருக்குக் கொடுத்துவிட ஒரு கேசட்.

"ஏட்டி, ஊருக்கு வரலன்னு உங்கண்ணன ஏசினது நெசமாவே அழிஞ்சிட்டா? அதக் கேட்டா மனுசன் சோறு திங்க மாட்டாரு."

"அழிஞ்சிட்டு மதினி. அதுமேலயே திரும்ப ரெக்கார்டு பட்டன அமுக்கிட்டு, பேசாமத்தான இருந்தீங்க? முழுசும் போட்டுக் கேட்டுட்டேன். நீங்க அரிசி பொடைக்க சத்தமும் வளையல் சத்தமுந்தான் இருக்கு."

"ஐயய்யோ! அதையும் அழிக்கணுமே. எறங்குட்டி, வீட்டுக்குப் போவோம்."

"சும்மா இருங்க மதினி. நீங்க ஏசினதுக்குக்கூட வரமாட்டான். அரை மணி நேரம் இந்த வளையல் சத்தத்தக் கேட்டா ஓடி வந்துருவான்."

மதினி இறங்கவில்லை. கேசட்டை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.