வட்ட முத்திரையும் அஞ்சு வருஷ அட்டையும்

இல்ல இன்ஜினியர் சார், அங்கயே நில்லுங்க. பைக்கு எங்கயும் ஓடிடாது, ரெண்டு வருஷமா அந்தத் தகரக் கொட்டாய்லதான் கெடக்குது. மொதல்ல உங்க அட்டையக் காட்டுங்க. கோர்ட்டு லெட்டரு கெடக்கட்டும், லெட்டர யாரு வேணா அடிக்கலாம். ம்ம்… போட்டோல தாடி இருக்கு, நேர்ல மழமழன்னு இருக்கீங்க. சிரிக்காதீங்க சார். இது என் யார்டு. அடிபட்ட வண்டிய போலீஸ் சொன்னா நான்தான் இழுத்துட்டு வரேன், கேஸ் முடியற வரைக்கும் என் பொறுப்பு.

ஸ்லோவாக்கியாவா? வாயத் தொறந்ததுமே தெரிஞ்சுது. எங்க செக் நாட்டு விபத்துக்கு அங்கேருந்து எதுக்கு ஆளு? ஓ, மேல்கோர்ட்டே வெளியாள்தான் வேணும்னு கேட்டுதா. அதுவும் சரிதான். இங்க இருக்கற நிபுணருங்க எல்லாம் ஒரே காலேஜு, ஒரே பீர்க்கடை. ஒருத்தரு எழுதினத இன்னொருத்தரு தப்புன்னு சொல்லிடுவாரா?

காப்பி எடுத்துக்குங்க. கலக்காதீங்க, தூளு அடியில தங்கட்டும். இந்த ஐரோப்பிய விபத்து நிபுணருங்க சங்கத்து அட்டைய யாரு குடுக்கறது? பரீட்சைன்னா எப்படி, காசு கட்டினா பாஸா? ஆங்… நெசமாவே வண்டிய மோதவிட்டு, தடத்தப் பாத்து நீங்க வேகத்தச் சொல்லணுமா. தப்பாச் சொன்னா? நீங்க ஃபெயிலாயிருக்கீங்களா? ஒரு தடவையா! அட, ஒத்துக்கிட்டீங்களே. இந்தாங்க, இன்னொரு ரொட்டி எடுத்துக்குங்க.

அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்க வேற செய்யணுமா? எங்க ஊரு கோர்ட்டு நிபுணரு வாட்சுலீக் பெரியவரு முப்பது வருஷத்துக்கு முன்ன கோர்ட்டுல ஒரு தடவ சத்தியம் பண்ணாரு, வட்ட முத்திரைய வாங்கிட்டாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர யாரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. அவரு முத்திரை குத்தினா சாமியே குத்தின மாதிரி.

அவருதான் இந்த பைக்கையும் பாத்தாரு. உங்களுக்குத்தான் ஃபைலு குடுத்திருப்பாங்களே. சனிக்கிழம மத்தியானம், நல்ல வெயிலு. லுபோஷ் இந்த பைக்குல நேரா வந்துட்டிருக்கான், எதிர்க்க வந்த லாரிக்காரன் இடது பக்கம் ஒடிச்சு அவனுக்குக் குறுக்க வந்துட்டான். பய அந்த எடத்துலயே போயிட்டான். பைக்குல லைட்டு எரியல, அதான் கண்ணுல படலன்னான் லாரிக்காரன். எங்க ரோட்டுல பட்டப்பகல்லயும் லைட்டு போட்டுத்தானே ஓட்டணும்? வாட்சுலீக் வந்து பல்ப கழட்டினாரு, மோதறதுக்கு முன்னாடியே பியூஸ் போனதுன்னு எழுதிட்டாரு. தப்பு செத்தவன் தலையில விடிஞ்சுது.

அவன் பொண்டாட்டி ஹெத்விகா அடிச்சுச் சொல்றா, வாசல்ல நின்னு வழியனுப்பினப்ப லைட்டு கண்ணக் கூசுச்சுன்னு. பொண்டாட்டி பேச்ச எந்தக் கோர்ட்டு சார் கேக்குது? அவ நம்ம ஊரு ரொட்டிக்கடையிலதான் வேல பாக்கறா. அவ புள்ளகிட்ட ஸ்கூல்ல பசங்க சொல்றாங்களாம், உங்கப்பன் குருட்டு வண்டி ஓட்டிச் செத்தான்னு. இந்த ரொட்டி? இல்ல, இது பக்கத்து ஊர்ல வாங்கினது. நான் அங்கதான் வாங்கறது. நம்ம ஊர்ல… சும்மாதான். அங்க நல்லாருக்கும்.

என்ன கேட்டீங்க? இருங்க, திரும்பச் சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடி இந்த வண்டிய யாரு யாரு தொட்டாங்கன்னா? அத எதுக்கு எழுதறீங்க? எல்லா நாட்டுலயும் இதக் கேக்கணும்னு இருக்கா, இல்ல எம் மூஞ்சியப் பாத்து உங்களுக்காத் தோணுச்சா? எல்லாத்துக்கும் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வியா! ம்ம்.

வாட்சுலீக் கேக்கல சார். பக்கத்துலயேதான் நின்னேன். டார்ச்ச புடின்னாரு, புடிச்சேன். எம் மூஞ்சிய நிமிந்துகூடப் பாக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன், சத்தியமாச் சொல்லியிருப்பேன். நீங்களும் அவர மாதிரி ஆளுன்னா காப்பி குடுத்து அனுப்பிடலாம்னுதான் இருந்தேன்.

விபத்து நடந்த மறுநாள் ஞாயித்துக்கிழம எங்க அக்கா பேத்திக்கு ஞானஸ்நானம். எங்கிட்ட ஒரு வேன் இருக்கு, அதுல ஒரு லைட்டு போயிருந்துச்சு. வெள்ளிக்கிழமதான் போலீஸ்காரன் நிறுத்தி, இன்னொரு தடவ இப்படிப் பாத்தேன்னா அவ்வளவுதான்னு திட்டிட்டுப் போனான். ஞாயித்துக்கிழம எந்தக் கடை தொறந்திருக்கு? வேன் பல்பும் பைக்கு பல்பும் ஒரே மாதிரிதான். பைக்குல லைட்டுக் கண்ணாடிகூட ஒடையல. சுவிச்சப் போட்டேன், பளிச்சுன்னு எரிஞ்சுது. உள்ள கம்பி மட்டும் கொஞ்சம் தொங்கினாப்புல இருந்துச்சு. என்ன சார், எரியறப்ப மோதினாத்தான் கம்பி அப்படித் தொங்குமா? அத எடுத்து வேன்ல மாட்டினேன், என்னோட பியூஸ் போனத பைக்குல சொருகினேன், எடம் காலியா இருக்க வேணாமேன்னு. திங்கக்கிழம புது பல்பு வாங்கிட்டு மாத்திடலாம்னு நெனச்சேன். செவ்வாக்கிழம வரேன்னு சொன்ன பெரிய மனுஷன் திங்கக்கிழம விடிஞ்சதும் விடியாததுமா வந்து நிக்கறாரு.

அவரு எழுதினது என்னன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. சொன்னா யார்டு போயிடும். இப்பவும்தான் போகும், போகட்டும். அப்படிப் பாக்காதீங்க சார். ஞானஸ்நானத்துக்குப் போயிட்டு வந்து நிறுத்தின வேன நான் அப்புறம் எடுக்கவே இல்ல. அந்தா, வாதுமை மரத்தடியில நிக்குது. இடது பக்க லைட்டுல இருக்கறதுதான் லுபோஷோட பல்பு. தொட்டவங்க பேருல என் பேர எழுதிக்குங்க, யார்மிலா. கழட்டறத மட்டும் நீங்களே கழட்டிடுங்க, நான் இனிமே தொட மாட்டேன்.