இன்னும் இரண்டு அடி பின்னால்

இரண்டு கேமராக்களில் எது நல்லது என்று யாராவது கேட்டால், எதை எடுப்பதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். நீங்களும் காலையிலிருந்து என்ன நடந்தது என்று மட்டும்தான் கேட்கிறீர்கள், அம்மா. எதற்காக நடந்தது என்று கேட்டிருந்தால் உங்கள் டீ ஆறுவதற்குள் முடித்திருப்பேன். விசாரணை அதிகாரிகள் எல்லோரும் அவசரக்காரர்கள். நானும் ஒரு காலத்தில் அதிகாரியாக இருந்தவன் என்பதால் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அரசு வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் பெரிய கேமரா வாங்கினேன். மிரர்லெஸ் வகை, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாதது. லென்ஸை மாட்டினால் என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். அதைக் கழுத்தில் தொங்கவிட்டு நடக்கத் தொடங்கியபின் நான் மாதத்துக்கு ஒரு அங்குலம் குள்ளமாகிறேன் என்று என் மனைவி சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் குளத்தின் அக்கரையில் ஒரு வாத்து கொட்டாவி விட்டால், அதன் தொண்டையில் இருக்கும் மீன் என்ன நினைக்கிறது என்பது வரை இந்தக் கேமராவில் தெரியும். நொடிக்கு இருபது படம். எதிரே இருக்கும் உயிரின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும்; பிடித்தால் விடாது.

என் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார், வைத்திருந்ததும் மிரர்லெஸ்தான். ஆனால் சோப்புப் பெட்டி அளவு. ஒருமுறை அது பையில் இருப்பது தெரியாமலேயே சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டார். அதன் லென்ஸ் நீளாது, சுருங்காது. ஒரு முகம் பெரிதாக வேண்டுமானால் கிட்டே நடந்து போகவேண்டும். தெரு முழுவதும் வேண்டுமானால் பின்னால் நடந்து போகவேண்டும். அழுத்தினால் சத்தமே வராது. சந்தைக்கூட்டத்தில் ஒருவரின் மூக்குக்கு நேரே பிடித்து எடுத்தாலும் அவர் தக்காளி பொறுக்கிக்கொண்டே இருப்பார்.

ஆக, பறவை, விளையாட்டு, முகம் என்றால் என்னுடையது. தெரு, கூட்டம், வீட்டின் உள்பக்கம் என்றால் அவருடையது. இதோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும். எங்கள் ஓய்வு பெற்றோர் படக் கழகம்தான் முடிய விடவில்லை. நூலகத்து மாடி அறையில் மாதம் ஒருமுறை பதினோரு பேர் கூடுவோம். செயலாளர் ஒரு பல் டாக்டர். அடுத்த கூட்டத்தில் இரண்டு கேமராக்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வாசிக்கும்படி அவர் என்னைக் கேட்டுக்கொண்டார்.

"நியாயமா எழுதுங்க சார். தராசு பாத்தவர் நீங்க," என்றார்.

உடனே சம்பந்தி எழுந்து நின்றார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அடுத்தவர் வாயைத் திறக்கும்போதே திருத்திவிடுவார்.

"இதுல ஒப்பிட என்ன இருக்கு? அவரோடது பீரங்கி. என்னோடது கண்ணு."

பத்துப் பேரும் சிரித்தார்கள். பல் டாக்டர் தன் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் நான், நானும் சிரித்தேன்.

முதல் விழுகை தற்செயல். அதில் என் பங்கு, வாயைத் திறக்காதது மட்டும்.

காலை ஏழு நாற்பது. பூங்காக் குளத்தின் படிகளுக்கு மேலே ஒரு பலூன்காரர் நின்றிருந்தார். அவரையும் அவருடைய அத்தனை பலூன்களையும் சம்பந்தி தன் சோப்புப் பெட்டிக்குள் அடக்கப் பார்த்தார். கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டு ஓரடி ஓரடியாகப் பின்னால் நடந்தார். பின்னால் படி. பக்கவாட்டுக் கரையில் இருந்த நான் இதை என் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். "சம்பந்தி, படி" என்று கத்த ஒரு நொடி போதும். ஆனால் கத்தினால் கை ஆடும். அதற்குள் என் கேமரா வேறு அவர் கண்ணைப் பிடித்துவிட்டது.

மூன்று படி உருண்டார். நான் குளத்தைச் சுற்றி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

"எங்க, காட்டுங்க," என்றார்.

"நீங்கதான் கையைக் காட்டணும் சம்பந்தி. வீங்குது பாருங்க."

"கை கிடக்கட்டும். எடுத்தீங்கல்ல? அதைக் காட்டுங்க."

இருபத்தாறு படம். படியில் கிடந்தபடியே ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கண்ணு நல்லா ஷார்ப்பா வந்திருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா பின்னாடி ஒரே மசமசன்னு இருக்கே. நான் குளத்துப் படியில விழுந்தேனா, பஞ்சு மூட்டையில விழுந்தேனா? என் கேமராவா இருந்தா பலூன்காரர், படி, குளம் எல்லாம் சேந்து ஒரு கதையே சொல்லியிருக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை, அம்மா. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். தராசு சோதிப்பதில் ஒரு முறை உண்டு. இடது தட்டில் கல்லையும் வலது தட்டில் பொருளையும் வைத்து நிறுத்துவிட்டு, இரண்டையும் இடம் மாற்றி மறுபடி நிறுக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தால் அது நிறுத்ததே ஆகாது; முத்திரை குத்தக்கூடாது. நான் அவரை என் கேமராவில் மட்டும்தான் நிறுத்திருந்தேன். இப்படியே கட்டுரை எழுதினால் சின்னக் கேமராவுக்கு அநியாயம் செய்தவன் ஆவேன்.

பதினோரு நாள் கழித்து, மேகமில்லாத காலையாகப் பார்த்து, அதே இடத்துக்கு அதே ஏழு நாற்பதுக்கு அழைத்துப் போனேன். கட்டுப் போட்ட கையோடு வந்தார். கேமராக்களை மாற்றிக்கொண்டோம். கட்டுரையோடு போட என்னை ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்டுக்கொண்டேன். என் கேமராவின் நீள லென்ஸில் ஒரு ஆள் முழுதாகத் தெரியவேண்டுமென்றால் பக்கத்து ஊரிலிருந்து எடுக்கவேண்டும்.

"இப்பத் தெரியறேனா சம்பந்தி?"

"மூக்கு தெரியுது. மூக்கு மட்டும்தான் தெரியுது."

"இன்னும் ரெண்டு அடி பின்னாடி போங்க."

"இப்ப வாய் வந்திருச்சு. கொஞ்சம் மூடுங்க."

"இன்னும் ரெண்டு அடி."

அவராகத்தான் நடந்தார். நான் தொடவில்லை. என் கை சின்னக் கேமராவை இடுப்பருகே பிடித்திருந்தது. சத்தமில்லாமல் எடுத்தேன்.

இந்த முறை ஐந்து படி, கணுக்கால். படங்கள் அபாரம். பலூன்காரர், பதினான்கு வாத்து, ஒரு நாய், "படிகள் வழுக்கும்" என்ற அறிவிப்புப் பலகை எல்லாம் ஊசிமுனைத் தெளிவு. நடுவில் சம்பந்தி ஒரு காற்புள்ளி அளவுக்கு இருந்தார். ஆனால் சின்னதுக்கு நொடிக்கு எட்டுப் படம்தான். பாதிப் படங்களில் அவர் இன்னும் விழத் தொடங்கவில்லை. மீதியில் விழுந்து முடித்திருந்தார்.

"பாத்தீங்களா, போர்டைக்கூடப் படிக்க முடியுது," என்றார் காலைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் முகம் சுருங்கியது. "ஆனா நான் விழறதே பதியலையே. இவ்வளவு சீக்கிரம் விழுந்தா எந்தக் கேமராதான் என்ன பண்ணும்?"

இதைச் சொன்னவர் அவர். நான் இல்லை. சொன்னது முழுக்கச் சரி என்பதால் நான் குறித்துக்கொண்டேன். சின்னக் கேமராவுக்கு நியாயம் கிடைக்க வேண்டுமானால் விழுகை நீளமாக இருக்கவேண்டும்.

அன்று மாலை என் மனைவி கேட்டாள். "அந்த மனுஷன் உங்ககூட வர்றப்ப எல்லாம் எதையாவது ஒடிச்சுக்கிட்டுத்தான் திரும்பறார். அவரைக் கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். நாற்பது வருடத்தில் அவளிடம் சொன்ன மிகச் சுத்தமான உண்மை அது.

எங்கள் கட்டடம் மூன்று மாடி. மொட்டை மாடியிலிருந்து தரைக்குப் பத்து மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய ஒன்றரை நொடி. சின்னதுக்குப் பன்னிரண்டு படம் கிடைக்கும். அதற்கு மேல் எந்தக் கேமராவும் சலுகை கேட்க முடியாது. கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டதால் கொத்தனார் அதை இடித்துவிட்டு, புதிதாகக் கட்டும்வரை குறுக்கே மஞ்சள் நைலான் கயிறு கட்டியிருந்தார். நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஆமாம், கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். அந்த மஞ்சள், படத்தின் குறுக்கே வந்து கண்ணை உறுத்தியது. படம் எடுக்கிற யாராக இருந்தாலும் அவிழ்த்திருப்பார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. கணுக்கால் இன்னும் சரியாகவில்லை. மூன்று மாடியும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். பூங்காவில் எடுத்ததில் என் தலை வெட்டுப்பட்டிருந்தது என்று சொல்லியிருந்தேன். தன் பெயரில் வரும் படத்தில் குறை இருப்பதை அவர் பொறுக்கமாட்டார். பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டாமல் கையிலேயே வாங்கிக்கொண்டார்.

"வெளிச்சம் எனக்குப் பின்னாடி இருக்கு. நல்லா இருக்கும். அசையாதீங்க."

"கால் வரைக்கும் வரணும் சம்பந்தி."

"கால் எதுக்கு? உங்க காலை யார் பாக்கப் போறா?"

"இன்னும் ரெண்டு அடி."

அவர் விழவில்லை. அதுதான் சோதனையின் குளறுபடி. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியை இடக்கை பிடித்துக்கொண்டது. ஒரு கால் கீழே ஜன்னல் சன்ஷேடின் நுனியில் பாதி நின்றது. வலக்கை மேலே நீண்டிருந்தது. அதில் என் கேமரா. சுவரில் ஒரு உரசல்கூடப் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். அந்த வகையில் அவரைப் போன்ற மனிதரைப் பார்ப்பது அபூர்வம்.

"சம்பந்தி, மொதல்ல இதை வாங்கிக்குங்க. கீழ விழுந்துடப் போகுது."

வாங்கிக்கொண்டேன்.

"இப்பக் கையைக் குடுங்க."

இப்போது என் வலக்கையில் பெரியது, இடக்கையில் சின்னது. என்னிடம் காலியாகக் கை இல்லை. சட்டத்தில் இது முக்கியமான விவரம் என்று நினைக்கிறேன். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அதே ஆள், அதே இடம், அதே வெளிச்சம், இரண்டு கேமராக்களும் ஒரே நேரத்தில் என் கையில். முப்பத்தைந்து வருட வேலையில் இவ்வளவு நேர்மையான தராசு எனக்கு அமைந்ததில்லை.

"என்ன பண்றீங்க?"

"ஒரு நிமிஷம் சம்பந்தி. கண்ணுல போகஸ் வாங்குது."

"விளையாடாதீங்க. கை வலிக்குது."

"மேல பாருங்க. என்னைப் பாருங்க."

பார்த்தார். பார்வை என் வலக்கைக்கும் இடக்கைக்குமாகப் போய்வந்தது. பிறகு, "எதுல எடுக்கறீங்க?" என்றார்.

"ரெண்டுலயும்."

"வெளிச்சம் கம்மியா வைக்காதீங்க. முகம் இருட்டிடும்," என்றார். அப்புறம், மிக மெதுவாக, "என் பேரன்கிட்ட நான் மத்தியானம் வரேன்னு சொல்லியிருக்கேன் சம்பந்தி," என்றார்.

உங்களிடம் இருக்கும் கார்டில் நேரம் பதிந்திருக்கிறது. இரண்டு நிமிடம் பத்து நொடி. பெரியதில் இருபத்தொன்று, சின்னதில் இருபது. ஒன்று கூடிப்போனதற்கு வருந்துகிறேன். படங்களை நகல் எடுத்துக்கொண்டு, சின்னக் கேமராவை, இப்போது உங்களிடம் வந்திருக்கும் அந்தக் கார்டோடு, மாப்பிள்ளையிடம் கொடுத்ததும் நான்தான். அப்பாவின் பொருள் பிள்ளைக்குச் சேருவதுதானே முறை.

சன்ஷேடு உடைந்த சத்தம் கேட்டது. அந்த ஒன்றரை நொடியை நான் எடுக்கவில்லை. குனிந்து, கடைசிப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் கெட்ட பழக்கம் அது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அஞ்சலிக் கூட்டமாகிவிட்டது. கட்டுரை வாசிக்க வாய்ப்பு அமையவில்லை. பல் டாக்டர் அழுதார். என் மகள் பெரிதாக்கி மாட்ட ஒரு படம் கேட்டாள். கம்பியையும் கையையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் கொடுத்தேன். இப்போது அவர்கள் கூடத்தில் இருக்கிறது. அதன் எதிரே நின்று, "அப்பா, மாமா உங்களையே பாக்கற மாதிரி இருக்குப்பா. எவ்வளவு நம்பிக்கை பாருங்க அந்தக் கண்ணுல," என்றாள்.

கொலை என்று நீங்கள் எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கயிற்றை அவிழ்த்தேன்; பின்னால் போகச் சொன்னேன்; கையைக் கொடுக்கவில்லை. மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் அவர் இல்லாமல் என் பாடு திண்டாட்டமாக இருக்கிறது. அந்த முகத்தை இரண்டு கேமராவிலிருந்தும் ஒரே அளவில் அச்சுப்போட்டு, கவிழ்த்து வைத்துக் கலைத்து, நிமிர்த்திப் பார்த்தேன். எது பெரியதில் எடுத்தது, எது சின்னதில் எடுத்தது என்று பதினைந்து நாளாக எனக்குத் தெரியவில்லை. சம்பந்தி இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார்.