நாற்பத்தேழாம் குழாய்க்குப் பச்சை

ஊற்றை அரை நாள் அடைத்து வையுங்கள் என்று கேட்டேன். எந்த வாசலிலும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லப்பட்டது அது ஒன்றுதான் ஐயா. எங்கள் ஊருக்கு வெந்நீர் ஊற்றுதான் சோறு. பொதுக் குளியல்கூடத்தில் வழியும் நீர் நிற்காமல் சாக்கடைக்குள் இறங்கும். பழுது பார்க்கச் சாக்கடைக் குழாய்க்குள் நான் விடும் கேமராவுக்கு அந்த ஆவியில் கண் தெரியாது. அதனால் கேட்டேன்.

குளியல்கூடத் தலைவர் தகாத்சு சிரித்தார். வாசலில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது என் அம்மா. அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"எங்க தாத்தா காலத்துலயே நிக்காத தண்ணி. சுமியே, உம் பொண்ணு காலேஜுல இதைத்தான் படிச்சிச்சா?"

அம்மா எழுந்து இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். இரண்டு தரம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அந்தப் பட்டத்துக்காக அவள் குனிந்தாள்.

அலுவலகத்தில் என் மேலாளர் சொன்னார்: "டிகிரியோட வாயையும் சேர்த்து வாங்கிட்டு வந்துட்ட. போம்மா, கிடைச்சதைப் படம் எடுத்து வரைபடத்துல ஏத்து."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேமராவைக் குழாய்க்குள் விடுமுன் குழாய் எண், தெரு, தேதி எழுதிய சின்னக் கரும்பலகையை அதன் முன் காட்ட வேண்டும். குழாய்கள் எல்லாம் உள்ளே ஒரே மாதிரி. பார்ப்பவர்கள் பலகையை நம்புவார்கள்.

குளியல்கூடத்துக் கீழ்த்தெருவில் ஓடும் நாற்பத்தேழாம் குழாய்ப் படத்தில் ஆவிதான் இருந்தது. அதை அழித்தேன். பக்கத்துத் தெருவுக்குப் போய், பலகையைத் துடைத்து நாற்பத்தேழு என்று எழுதி, அங்கிருந்த நல்ல குழாயைப் படம் எடுத்தேன். தெளிவான படம். கணினி வரைபடத்தில் நாற்பத்தேழு, பழுதில்லை என்று பச்சையாக மாறியது. நல்ல வேலை என்று மேலாளர் பாராட்டினார். நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம், இனிமேல் கோயில் படிக்கட்டு வழியாக வீட்டுக்கு வா என்றேன். ஏன் என்றாள். கீழ்த்தெருவில் விளக்கு எரியவில்லை என்றேன். எட்டு மாதம் அவள் அந்தப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறினாள். தினமும் குளித்துவிட்டு அவளோடு கூட வந்துகொண்டிருந்த அவள் தோழி ஹத்சுயோ அத்தைக்கு மூட்டு வலி. "நீ மலையேறு தாயி, நான் மனுஷங்க நடக்கிற வழியில போறேன்" என்று கேலி செய்துவிட்டுத் தனியாகக் கீழ்த்தெருவில் போவாள்.

போன செவ்வாய்க்கிழமை அந்தத் தெரு உள்வாங்கியது. மறுநாள் மதியம் வரை அத்தையைத் தேடினார்கள். முதலில் அவள் குளியல் வாளிதான் கிடைத்தது. பள்ளத்தில் ஊற்று நீர் தேங்கியிருந்தது. அதன் சூடு எனக்குத் தெரியும். எங்கள் கேமராவே அதில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

ஆவி மறைத்ததால் பழுது தெரியவில்லை, படங்கள் தவறுதலாக மாறிவிட்டன என்று மேலாளர் ஓர் அறிக்கை தயாரித்தார். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் என் முத்திரை மட்டும்தான் பாக்கி. இன்று காலை அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஆவிதான் மறைச்சிடுச்சே. குத்திடு. போன உசுரு திரும்பியா வரப்போகுது?"

"நடுவுல ஒரு தடவை விலகிச்சும்மா. இருபது எண்ணுற நேரம். குழாய்க்கு மேல்பாகமே இல்ல. ரோட்டுக்கு அடியில வெறும் பொந்து."

அவள் அறிக்கையை என் பக்கம் தள்ளினாள். "எங்கிட்ட மட்டும் படிக்கட்டு வழியா வரச் சொல்லிட்டியாக்கும்" என்றாள். பிறகு, "ஹத்சுயோகிட்ட ஏன்டி சொல்லல?"

சொன்னால் ஊற்றை அடைக்கச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும், நீ மறுபடி குனிய வேண்டும், அதனால்தான் என்றேன். எட்டு மாதமாக எனக்கே நான் சொல்லிவந்த பதில் அது. அம்மா முகத்துக்கு நேரே சொன்னபோதுதான் பொய் என்று தெரிந்தது. அவள் இன்னும் நூறு தரம் குனிந்திருப்பாள் ஐயா. தகாத்சு இன்னொரு தரம் சிரிப்பதை என்னால்தான் கேட்க முடியாது.

முத்திரையை மேசையிலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். கதவைச் சாத்திவிட்டு உங்கள் காவல் நிலையத்துக்கு நடந்தேன்.