இரண்டாவது சாயம்

— அப்போ முதல்ல சொன்னது தப்பா, டாக்டரம்மா?

— கேன்சர்ங்கிறது தப்பில்ல, ஒச்செரே. எந்த வகைங்கிறதுதான் தப்பு. மைக்ராஸ்கோப்புல பார்த்தா தைராய்டுல வழக்கமா வர்றது மாதிரிதான் இருந்துச்சு. எனக்கு ஒரு உறுத்தல். அதான் உங்க கழுத்துல எடுத்த சதையில சாயம் வச்சுப் பார்த்தேன்.

— என் சதைக்கே பெயின்ட்டா! சுவாமே பேட்டைப் பட்டறையில நான் ஓட்டை லாரிக்குத்தான் அடிப்பேன்.

— சும்மா இருங்க, அபெனா அப்பா. அவங்க பேசட்டும்.

— சிரிக்கட்டும் விடு, செர்வா. இந்தச் சாயம் ஒவ்வொண்ணும் ஒரு வகை செல்லைத்தான் பிடிக்கும். வழக்கமான வகைக்கு உள்ளதை வச்சேன், ஒட்டவே இல்ல. இரண்டாவதை வச்சேன் பாருங்க, கட்டி முழுக்க கொக்கோத்தூள் நிறம்! இது மெடுல்லரின்னு வேற வகை.

— அது நல்லதா, கெட்டதா?

— தெரிஞ்சுக்கிட்டது நல்லது. உங்களை அக்ராவுக்கு அனுப்பி அயோடின் மருந்து குடுக்கறதா இருந்தாங்க. இதுகிட்ட அது பலிக்காது. மிச்சத் தைராய்டையும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் அறுத்து எடுக்கணும். எங்கயும் பரவினதா தெரியல. தேறிடுவீங்க.

— கேட்டியா செர்வா? வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தியே.

— ஆண்டவருக்கு நன்றி. வாங்க, கிளம்பலாம்.

— இருங்க, இன்னொண்ணு இருக்கு. உங்க ரத்தத்தையும் பார்த்தோமே, ஒச்செரே. இது பரம்பரையா இறங்கி வர்றது. உங்க அப்பாவுக்கு ஏதாவது?

— அவரும் கழுத்துக் கட்டியோடதான் போனார். சித்திதான் ஏதோ செய்வினை வச்சுட்டான்னு ஊரே திட்டுச்சு. பாவம் அந்த மனுஷி.

— அபெனா எங்க இருக்கா?

— கேப் கோஸ்ட்ல. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா.

— கூட்டிட்டு வாங்க. அவளுக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்துச்சுன்னா, கட்டி வர்றதுக்கு முன்னாடியே தைராய்டை எடுத்துடலாம்.

— வேண்டாம்.

— கொஞ்சூண்டு ரத்தம்தான் செர்வா.

— அவளுக்குப் பரீட்சை வருது. அதோட... அவ அப்படியே என் ஜாடை. அவளுக்கு ஒண்ணும் இருக்காது.

— ஜாடையை வச்சா இதைச் சொல்றது? பெத்தவ நீயே இப்படி அடம் பிடிக்கலாமா? பிள்ளை உயிரும்மா!

— வேண்டாம்னா விடுங்களேன்!

— அவளைத் திட்டாதீங்க, டாக்டரம்மா. அவ சொல்றது சரிதான்.

— நீங்களுமா? அவ உங்க பொண்ணு இல்லையா?

— என் பொண்ணுதான். அதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம். செர்வா, தலையை நிமிரு. என்னைப் பாரு. அவளை மடியில வச்சு என் பேரைக் குடுத்தேனே, அன்னைக்கே எனக்குத் தெரியும்மா. என் ரத்தம் அவ உடம்புல ஓடலையேன்னு எத்தனையோ நாள் குமைஞ்சிருக்கேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா அதுக்கு நன்றி சொல்றேன்.