ஓடாத ரயிலுக்குத்தான் விலை

பொம்மை ரயில் செட் வாங்க வருகிறவர்கள் முதலில் ரயிலைப் பார்ப்பதில்லை, டாக்டர். அது வந்த அட்டைப்பெட்டியைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். மூலை மடங்காமல், உள்ளே சுற்றிய தாள் கிழியாமல் இருந்தால் அவர்கள் முகமே மாறிவிடும். ஒருமுறைகூடத் தண்டவாளத்தில் ஓடாத எஞ்சின் என்று தெரிந்தால் பேரம்கூடப் பேசமாட்டார்கள். பழைய கேமரா, கடிகாரம், விளையாட்டுச் சாமான் வாங்கி விற்கும் கடை வைத்திருப்பவன் நான். இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

மைத்துனரைப் பற்றிக் கேட்கக் கூப்பிட்டால் இவன் வியாபாரம் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இந்த முதியோர் இல்லத்துக்கு நீங்கள் புதிது. அவருடைய மாத்திரைகளைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். மறதி எப்போது ஆரம்பித்தது என்று கேட்கிறீர்கள். இதுவரை யாரும் என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டதில்லை. எப்போதும் என் மனைவி சொல்வாள், நான் தலையாட்டுவேன்.

மச்சான் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன துறைமுகத்திலெல்லாம் ரயில் வாங்கினார். ஓய்வு பெற்று எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது துணிமணி ஒரு பை, ரயில் ஒரு வண்டி நிறைய. அறை முழுக்கப் பலகை போட்டுத் தண்டவாளம் பதித்தார். சாயங்காலமானால் ஓட்ட ஆரம்பித்துவிடுவார். அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தார். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

"மச்சான், இந்தப் பச்சை எஞ்சின் இப்பல்லாம் எங்கயும் கிடைக்கிறதே இல்ல. ஓட்ட ஓட்ட விலை இறங்கிடும்" என்பேன்.

"இறங்கட்டுமே மாப்ள. ரயில்னா ஓடத்தானே செய்யணும்? பீரோல வச்சுப் பூட்ட அது என்ன மாமியார் நகையா?" என்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. கீழே சாப்பிடும்போது தலைக்கு மேலே சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏதோ என் பணமே தேய்வதுபோல இருக்கும். அவர் பொருள், அவர் இஷ்டம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்தப் பச்சை எஞ்சின் ஒருநாள் திக்கித் திக்கி ஓடியது. துடைத்து எண்ணெய் போட்டுத் தரும்படி என்னிடம் கொடுத்தார். கடை மேசையில் வைத்திருந்ததை ஒரு பல் மருத்துவர் பார்த்துவிட்டார். அவர் சொன்ன விலைக்கு என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மச்சானுக்குத் தெரியாமல் மாடியிலிருந்து அட்டைப்பெட்டியையும் எடுத்துவந்து கொடுத்தேன். அதேபோல் இன்னொன்றைத் தேடிப்பிடித்து வைத்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன். நினைத்தேனா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை.

அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. ஏது பணம் என்று மனைவி கேட்டாள். உன் அண்ணன்தான் ஒரு எஞ்சினை விற்று வாங்கித் தரச் சொன்னார் என்றேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அவள் மாடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, எனக்காக அந்தப் பச்சையவா குடுத்தீங்க?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தலையைக் குனிந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"நீங்கதானே மச்சான் சொன்னீங்க, போன வாரம்? மறந்துட்டீங்களா?"

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அதில் அவ்வளவு சந்தோஷம். "அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன்" என்று நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

மறதி ஆரம்பித்தது அன்றைக்குத்தான், டாக்டர். ஆரம்பித்துவைத்தவன் நான்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒன்றைக் கப்பல் நண்பருக்குக் கொடுத்தீர்களே என்றேன். இன்னொன்றை உடைந்துவிட்டது என்று நீங்களே குப்பையில் போட்டீர்களே என்றேன். முதலில் வாதாடினார். பிறகு வாதாடுவதை விட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தார். முட்டி வலியோடு கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடுவார். நானும் டார்ச் அடித்துக்கொண்டு கூடவே தேடுவேன். "உங்களுக்குத்தான் மாப்ள என்னால தொந்தரவு" என்பார்.

ஒருநாள் அறைக்குப் பூட்டு வாங்கி மாட்டினார். மறந்துபோகிறவர் பூட்டமாட்டார், சந்தேகப்படுகிறவர்தான் பூட்டுவார். அவர் குளிக்கப் போனபோது சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் முட்டைத் தட்டில் வைத்தேன். வீடு முழுக்கத் தேடிய பிறகு என் மனைவிதான் அதைக் கண்டுபிடித்தாள். ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மச்சான் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் கேட்டதற்கெல்லாம் மச்சான் சரியாகத்தான் பதில் சொன்னார். ஆனால் வீட்டில் நடப்பதையெல்லாம் என் மனைவி எடுத்துச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்ட பிறகு மச்சானுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பேச்சு இழுத்தது. பகலெல்லாம் தூங்கினார். ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றி நிறுத்தக்கூட முடியாமல் போயிற்று.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் அந்த அறையில் இருக்கும்வரை மொத்தத்தையும் ஒரே செட்டாக விற்க வழியில்லை. அட்டைப்பெட்டிகளோடு மொத்தமாகப் போனால் விலையே வேறு. ஒரு மத்தியானம், அவர் மாத்திரை மயக்கத்தில் இருந்தபோது, டீ போட அவர் அறையில் வைத்திருந்த சின்ன அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துப் பற்றவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். என் மனைவி மேலே மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிற நேரம் பார்த்துத்தான் செய்தேன். அதைப் பெரிய பொறுப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தபோது மாடியெல்லாம் தீய்ந்த வாடை. மச்சான் தங்கையின் முன்னால் சின்னப் பையனைப்போல உட்கார்ந்திருந்தார்.

"என்னை எங்கயாவது சேத்து விட்டுடும்மா" என்றார். "ஒருநாள் உங்களையெல்லாம் கொளுத்திடுவேன் போலிருக்கு."

இப்படித்தான் அவர் இங்கே வந்தார். தானே கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே அறையைக் காலி செய்தேன். வாங்க வந்தவர் நிதானமாகப் பார்த்தார். ஓடிய ரயில்கள்தான் என்றாலும் இவ்வளவு நன்றாகப் பராமரித்தவர் யார் என்று கேட்டார். என் மைத்துனர், காலமாகிவிட்டார் என்றேன். அப்படிச் சொன்னால் பேரம் சீக்கிரம் முடியும். அந்தப் பணத்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. இருந்தாலும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்திருந்தோம். மனைவி அவருடைய துணிகளை வாங்கிவர உள்ளே போயிருந்தாள். மச்சான் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, மறைக்காம சொல்லுங்க. என்கிட்ட ரயில் இருந்துச்சா? நிறைய ரயில்? இல்ல, அதுவும் நானா நினைச்சுக்கிறதா?"

அவர் முகம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. இருந்தது மச்சான், அத்தனையும் இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இருந்தது என்றால் எங்கே என்று கேட்பார். வராந்தாவில் என் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"எந்த ரயில், மச்சான்?" என்றேன்.

அவர் "அதானே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மாத்திரையை நிறுத்திவிடுங்கள், டாக்டர். அவருக்கு ஒரு நோயும் இல்லை. நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் தாங்கமாட்டாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.