நாலாவது கேமரா

அம்மாசி: நீ சொன்ன கமாண்ட அடிச்சுட்டேன் அம்மிணி. இப்பவும் அதேதான். மூணு கேமராப் படம் இங்கிருந்து சேலம் ஆபீஸுக்குப் போவுது, நாலாவது போவுல.

அறிவுச்செல்வி: கமாண்டுல கோடு ரெண்டு போட்டீங்களா? ஒண்ணு போட்டா...

அம்மாசி: ரெண்டுதான். தெனம் முப்பதாயிரம் முட்டை எண்ணறவனுக்கு ரெண்டு கோடு எண்ணத் தெரியாதா?

அறிவுச்செல்வி: சரிங்ணா, கோச்சுக்காதீங்க. வெறும் ஒத்திகை ஓட்டிப் பாருங்க. படம் எதுவும் போகாது, கேமரா பேரு மட்டும் காட்டும்.

அம்மாசி: ம்... ஓடுது... மூணு பேருதான் வருது.

அறிவுச்செல்வி: நெட்டு சரியில்லையோ என்னமோ.

அம்மாசி: அப்பறம் மத்த மூணும் எப்பிடிப் போவும்?

அறிவுச்செல்வி: ...கேபிளு லூசாயிருக்கும்.

அம்மாசி: இங்க டிவில பளிச்சுன்னு தெரியுதே! ரெண்டு நாளா இதையே சொல்றே. உன்னையெல்லாம் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்க வெச்சிருக்காங்க பாரு...

அறிவுச்செல்வி: வருலீன்னா என்னங்ணா இப்ப? அது பண்ணை மோட்டார் ரூம் வாசலு. கோழி ஒண்ணு கூட அந்தப் பக்கம் வராது.

அம்மாசி: மோட்டாரத் திருடிட்டுப் போயிட்டா?

அறிவுச்செல்வி: அந்த மோட்டாரா? ஓசில குடுத்தாலும் எவனும் தூக்க மாட்டான்.

அம்மாசி: சிரிக்காதே. இரு... ஃபோல்டர்ல இன்னொரு ஃபைலு கெடக்குது.

அறிவுச்செல்வி: அதத் தொறக்காதீங்ணா, அது...

அம்மாசி: தொறந்துட்டேன். ஒரே வரி. எக்ஸ்க்ளூட், கேமரா நாலு. அப்பிடின்னா?

அறிவுச்செல்வி: ...அத மட்டும் உட்டுட்டுப் போன்னு அர்த்தமுங்க.

அம்மாசி: யாரு போட்டது?

அறிவுச்செல்வி: அத அப்பறம் சொல்றனுங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க. அந்தப் படம் இங்க எதுக்கு வந்தே ஆகோணும்?

அம்மாசி: ...எம்பட சம்சாரம் போயி ரெண்டு வருசமாச்சு. வேலையாளுங்க வீட்டுக்குப் போயிட்டா இந்தப் பண்ணைல நான் ஒருத்தன்தான். மத்தியானம் அந்த வாசல்ல, கேமராவப் பாத்து உக்காந்துதான் சோறு திங்கறேன். கொழம்புல உப்பு கம்மி, வெயில் சாஸ்தின்னு ரெண்டு வார்த்தை பேசுவேன். அங்க யாராச்சும் பாப்பாங்கன்னு ஒரு இது. போவுலீன்னு தெரிஞ்சதுலேருந்து சோறே எறங்கமாட்டேங்குது.

அறிவுச்செல்வி: ஆபீஸ்ல பாத்தாங்கங்ணா. பெரிய ஸ்கிரீன்ல போட்டு, சுத்தி நின்னு சிரிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. ஒரு மாசத்துக்கு முன்னாடி அந்த வரிய நாந்தான் போட்டேன்.

அம்மாசி: ...ஓ. அப்ப ஒரு மாசமா நான் செவுத்துக்கிட்டத்தான் பேசிட்டு இருந்தனா?

அறிவுச்செல்வி: இல்லீங்ணா. ஆபீஸுக்குத்தான் வருல. எனக்கும் இங்க கூட உக்காந்து திங்க ஆளில்ல. ஒரு மணியானா அந்தக் கேமராவ நேரா எம்போன்ல தொறந்து வெச்சுட்டுத்தான் டிபன் பாக்ஸையே தொறப்பேன். நேத்து நீங்க பாதிலயே கை கழுவிட்டீங்க... நானும் மூடி வெச்சுட்டேனுங்க.