சூடு இல்லாதவள்

– அப்பறம், அந்த மாத்திரைய இன்னா பண்ண, லோகா?

– சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருக்கேன், பொன்னியக்கா.

– சாமிக்கா ரத்தக் கொதிப்பு? நிமிராத. என் பின்னாலயே குனிஞ்சி வா. நான் கலக்கற தண்ணியிலதான் உன் கைக்கு எறா வரும்.

– வந்துக்கினுதான் இருக்கேன். இன்னிக்கு ஏரி எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. பனிக்குள்ள உன் முதுகு மட்டும் மெதக்கறாப்புல இருக்குது.

– கண்ண மூடிக்கினு வா. நமக்குப் பாக்கறது விரலுதான். சேத்த மெல்லத் தடவு. ஏன் போடல, அதச் சொல்லு.

– பயம். ஒரு தபா ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் வுடக் கூடாதாம். எங்க அம்மாவுக்கும் தூரம் நின்ன ரெண்டாவது வருசந்தான். வெயில்ல கருவாடு திருப்பிப் போட்டுக்கினு இருந்தாங்க. அப்பிடியே மீனு மேலயே சாஞ்சாங்க. தூங்கறாங்கன்னு நெனச்சி நான் கொட புடிச்சிக்கினு நின்னேன்.

– உங்க அம்மா மாத்திர போட்டா செத்தாங்க? போடாமதான.

– அது தெரியுது. கைதான் போவ மாட்டேங்குது.

– தூக்கமாச்சும் வருதா?

– எங்கக்கா? திடீர்னு அடுப்புக்குள்ள தலைய வுட்டாப்புல கொதிக்குது. மார்ல ஈரத்துணியப் போட்டுக்கினு வாசல்ல குந்திக்கறேன். லைட்ஹவுஸ் வெளிச்சம் சுத்திச் சுத்தி வருது. அது மேல படறப்பல்லாம் குளுந்தாப்புல இருக்குது. அடுத்த தபா வரட்டும், அடுத்த தபா வரட்டும்னு காத்துக்கினே விடிஞ்சிடுது. எங்க வூட்டுக்காரரு கேக்கறாரு, உன்னப் பேய் கீய் புடிச்சிருக்கான்னு.

– தருமன் கெடக்கறான். நின்னது உனக்கா, அவனுக்கா? அந்த நர்சம்மா இன்னாதான் சொன்னாங்க, ஒழுங்காச் சொல்லு.

– மாசாமாசம் வர்ற வரைக்கும் ரத்தக் குழாய்க்கு ஒடம்பே ஒரு காவல் வெச்சிருக்குமாம். நின்னதும் அந்தக் காவல் போயிடுமாம். அப்பறம் குழாய் கொஞ்சம் கொஞ்சமா வெறைக்குமாம். வெயில்ல கெடந்து காஞ்ச மோட்டார் பைப்ப நெனச்சிக்க, அக்கா. வளைய மாட்டேங்குது இல்ல? அதுக்குள்ள ரத்தம் முட்டிக்கினு ஓடறதுதான் பிரஷராம். எனக்கு நூத்தி எழுபதுன்னாங்க. உப்பக் கொறைக்கணுமாம், கருவாடு எப்பவாச்சுந்தானாம், நல்லாத் தூங்கணுமாம், நடக்கணுமாம்.

– பொழுதன்னிக்கும் ஏரியில நடக்கறவளப் பாத்து நடக்கச் சொன்னாங்களா?

– நானும் அதத்தான் கேட்டேன். அவங்களே சிரிச்சிட்டாங்க. தண்ணியில குனிஞ்சி ஊந்து வர்றத இல்லம்மா, கரையில கைய வீசி நடன்னாங்க. கைய வீசி நடந்தா குப்பமே இன்னா சேதின்னு கேக்குமே, அக்கா.

– கேட்டா, குழாய வளைக்கப் போறேன்னு சொல்லு.

– கேலி பண்ணு. குப்பத்துல பாதிப் பொம்பளைங்க அந்த நர்சம்மா போட்ட பிரஷர் கேம்புல வந்து கைய நீட்டினாங்க. நீதான் ஐஸ் பெட்டி கழுவணும்னு ஓடிட்ட.

– எனக்கு இன்னாத்துக்குடி? எனக்குக் கொதிச்சுதா, வேர்த்துதா? காத்து நின்னாப்புல ஒரு நாள் நின்னுபோச்சு, அவ்ளோதான். சூடே இல்லாத ஒடம்பு இது. எங் குழாயெல்லாம் புது வலக் கயிறு கணக்கா கீது.

– சூடு வேற, பிரஷரு வேறயாம். சூடு இல்லாதவங்களுக்கும் அது இருக்குமாம். உள்ள சத்தமே போடாதாம். கையில பட்டையக் கட்டிப் பாத்தாத்தான் தெரியுமாம். முத்திடுச்சின்னா ஒரு பக்கம் மரத்துப் போயி, சிரிச்சாக்கூட வாய் ஒரு பக்கமாக் கோணிக்குமாம்.

– நல்ல கத. என்ன வுடு. நீ நாளைக்காச்சும் அதப் போடுவியா?

– நீ எங்கூட அந்த நர்சம்மா கிட்ட வந்து கைய நீட்டு. நான் போடறேன்.

– பேரம் பேசறா பாரு.

– பேரந்தான். அம்மா போன அன்னிலேர்ந்து உன் முதுகப் பாத்துக்கினுதான நான் தண்ணியில எறங்கறேன். நீ இல்லன்னா யாரு பின்னால வருவேன்?

– அழாத. அழுதா விரலுக்குக் காது கேக்காது. சரி, வர்றேன். நீ மொதல்ல போடு.

– ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம், அக்கா. அங்கியே தண்ணி வாங்கி, உன் எதிருலயே போடறேன்.

– ம்.

– இன்னா, அக்கா? நின்னுட்ட?

– தண்ணி பஞ்சு மாதிரி கீதுடி. அடியில சேறே இல்ல. அங்க பாரு, நாரைங்க எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்குது. ஜோடிய பக்கத்துல வெச்சிக்கினு நிக்குது பாரேன், எம்மாம் அழகு.

– ஒண்ணுதான நிக்குது, அக்கா.

– நல்லாப் பாரு.

– அக்கா, கையத் தூக்கு. எறா முள்ளு உள்ளங்கையில ஏறி நிக்குது. ரத்தம் வடியுது பாரு. வலிக்கல?

– எந்தக் கையில?

– அக்கா. எங்கிட்ட திரும்பு.

– நடுத் தண்ணியில திரும்பினா எறா ஓடிடும்னு தெரியாதா உனக்கு?

– ஓடட்டும். திரும்பு. எறாப் பறிக்கூடைய வுட்டுடு, என் தோளப் புடிச்சிக்க. இப்ப என்னப் பாத்து ஒரு தபா சிரி, அக்கா.

– சிரிச்சிக்கினுதானடி கீறேன்.